20,000 சம்பளத்தில் காரைக்குடியில் தனியாக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு ஜவுளிக் கடையின் கணக்குப் பிரிவில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் பரமக்குடி. அதற்கு முன்னால் சென்னையில் இரண்டு வருஷம் விடுதி வாசம். கல்யாணம் ஆகவில்லை, தனியாக ஒரு போர்ஷனில் இருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள், அவர்களைக் கொண்டுவந்து விடும் அம்மாக்கள், போதாக்குறைக்கு என் சித்தி மகள்கள் என்று எல்லோரும் கேட்பது ஒரே கேள்விகள்தான். தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதிவைத்துவிட்டேன். தொகைகள் என் நோட்டில் உள்ளவை. உங்கள் தெருவில் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

20,000 ரூபாயில் காரைக்குடியில் தனியாக வசதியாக இருக்க முடியுமா?

முடியும். ஒரே நிபந்தனை, உங்கள் பெயரில் மாதத் தவணை எதுவும் ஓடக்கூடாது. வண்டிக்கு 3,200, போனுக்கு 1,800 என்று இரண்டு தவணை இருந்தாலே இந்தப் பக்கத்தில் நான் எழுதியிருக்கும் கணக்கு எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. தவணை முடிந்த பிறகு வந்து படியுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் சம்பளத்தைத் தின்பது வாடகை. காரைக்குடியில் அப்படி இல்லை. இங்கே தின்பது மொய்யும் ஊர்ப்பயணமும். புதிதாக வருகிறவர்கள் வாடகையில் 300 ரூபாய் குறைக்க ஒரு மாதம் அலைவார்கள். ஆவணி மாதம் நாலு பத்திரிகை வந்ததும் முழிப்பார்கள்.

வசதி என்று எதைச் சொல்கிறீர்கள்?

நான் மட்டும் பூட்டித் திறக்கிற ஒரு கதவு. ஞாயிற்றுக்கிழமை மீன்காரரிடம் விலை கேட்டுவிட்டு, 'அப்புறம் வர்றேன்' என்று நழுவாமல் வாங்க முடிவது. 25ஆம் தேதிக்கு மேல் வீட்டிலிருந்து போன் வந்தால் வயிற்றைக் கலக்காமல் எடுக்க முடிவது. இந்த மூன்றும் இருந்தால் எனக்கு வசதிதான். ஏசி அறை, வாரம் ஒரு சினிமா, வருஷம் ஒரு புது போன் என்பது உங்கள் கணக்கானால் 20,000 போதாது. 30,000 வந்தாலும் இழுபறியாகத்தான் இருக்கும்.

20,000 என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். கைக்கு 18,410தான் வந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. எனக்கும் முதல் மாதம் இதே சந்தேகம் வந்தது. எங்கள் கடையில் 20,000 என்றால் அதில் அடிப்படைச் சம்பளம் 12,000. அதில் 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் வருங்கால வைப்பு நிதிக்கு (பிஎஃப்) போகும். மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது 150 ரூபாய் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐக்கு. இரண்டையும் கழித்தால் 18,410.

முதலாளியும் தன் பங்காக அதே 1,440ஐப் போடுகிறார். அதில் 1,000 ரூபாய் அளவு ஓய்வூதியக் கணக்குக்கும் மீதி 440 உங்கள் பிஎஃப் கணக்குக்கும் போகும். எனவே பிடித்தம் என்று மூக்கைச் சிந்த வேண்டாம். எங்கள் கடையில் நிறையப் பேருக்கு உருப்படியாகச் சேர்ந்த ஒரே பணம் அதுதான்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 20 பேருக்குக் குறைந்த இடத்தில் பிஎஃப் கட்டாயமில்லை. 10 பேருக்குக் குறைந்த இடத்தில் இஎஸ்ஐ கட்டாயமில்லை. சின்னக் கடை, சின்ன ஆபீஸ் என்றால் 20,000 முழுசாகக் கைக்கு வரும். வாங்கும்போது இனிக்கும். பிறகு ஒரு காய்ச்சலுக்குப் படுத்தால் தெரியும்.

வருமான வரி பற்றியும் கேட்கிறார்கள். புதிய முறையில் சம்பளக்காரருக்கு வருஷம் 12.75 லட்சம் வரை வரி இல்லை. நாமெல்லாம் அந்தக் கவலை இல்லாத ஜாதி.

உங்கள் மாதக் கணக்கைக் காட்டுவீர்களா?

காட்டுகிறேன். வாடகை 4,500. கரண்ட் 250. சாப்பாடு, பால், கேஸ் எல்லாம் சேர்த்து 5,000. போன் 350. ஸ்கூட்டிக்குப் பெட்ரோலும் ரிப்பேரும் 900. சோப்பு, நாப்கின், தலைவலி மாத்திரை, தையல் கூலி வகையறா 700. பரமக்குடிக்குப் போய்வர 500. இதுவரை 12,200 ஆகிறது. இவ்வளவுதான் நான் உயிரோடு இருக்க ஆகும் செலவு.

மீதி 6,210 இருக்கிறதல்லவா? அம்மாவுக்கு 3,000. வருஷச் செலவுக் கணக்குக்கு 2,000 (இது என்னவென்று கீழே தனியாகச் சொல்கிறேன், முக்கியமே அதுதான்). தபால் ஆபீஸில் மாதாமாதம் போடும் சேமிப்பு (ஆர்.டி.) 1,000. கையில் நிற்பது 210 ரூபாய். அது எனக்கு. அதற்கு நான் யாருக்கும் கணக்குச் சொல்வதில்லை.

போனுக்கு 350 என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரீசார்ஜ் 28 நாளுக்குத்தான். வருஷத்துக்கு 12 அல்ல, 13 முறை போட வேண்டும். போன் கம்பெனிக்காரர் காலண்டரில் மட்டும் 13 மாதம்.

வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம்?

கல்லூரிச் சாலைப் பக்கம் அழகப்பா பல்கலைக்கழகம், மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் என்று வெளியூர்ப் பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பதால் ஒற்றை அறைகள் சட்டென்று போய்விடும், விலையும் கூட. செக்காலை, சுப்பிரமணியபுரம் பக்கம் உள்ளே தள்ளின தெருக்களில் 4,000 முதல் 6,000 வரை ஓர் அறையும் அடுப்படியும் கிடைக்கும். இன்னும் குறைய வேண்டுமென்றால் கோட்டையூர், கழனிவாசல். அங்கே வண்டி இல்லாமல் சிரமம்.

வீடு பார்க்கப் போகும்போது குழாயில் வருவது சம்பை ஊற்றுத் தண்ணீரா, போர் தண்ணீரா என்று கேளுங்கள். சம்பை ஊற்றுத் தண்ணீர் ருசிக்கு இந்த ஊரில் பெயர் போனது. அது வீட்டுக்குள் வந்தால் கேன் தண்ணீர் வாங்கும் செலவு உங்களுக்கு இல்லை.

பழைய செட்டிநாட்டு வீட்டில் வாடகைக்கு இருக்க முடியுமா? ஆசையாக இருக்கிறது.

எல்லோருக்கும் இந்த ஆசை உண்டு. பெரும்பாலான பெரிய வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள். ஒருவர் மலேசியாவில், ஒருவர் சென்னையில். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் படையல்) என்றால் திறப்பார்கள், முடிந்ததும் பூட்டிவிடுவார்கள். வாடகைக்கு விட ஒருவர் சம்மதித்தால் இன்னொருவர் சம்மதிக்க மாட்டார். அப்படியே கிடைத்தாலும் ஆயிரம் சன்னல், வௌவால், பெருக்க ஓர் ஆள்.

ஆனால் நடுத்தர அளவு பழைய வீடுகளில் பின்கட்டை மட்டும் பிரித்து வாடகைக்கு விடுவது உண்டு. நான் இருப்பது அப்படி ஒன்றில்தான். முகப்பும் வளவும் (முற்றத்தைச் சுற்றிய பகுதி) வீட்டுக்கார ஆச்சிக்கு. பின்னால் இரண்டாம் கட்டில் ஓர் அறையும் அடுப்படியும் எனக்கு. தரையில் ஆத்தங்குடிக் கல். வருஷக்கணக்காக ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, நான் பாய் போடுகிற இடத்தில் மட்டும் பளபளப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது. சித்திரை வெயிலிலும் மத்தியானம் வெறுந்தரையில் படுத்தால் முதுகு குளிரும். கான்கிரீட் மாடி அறையில் இருக்கும் என் சிநேகிதி ஏர் கூலர் வாங்கினாள். எனக்கு அந்தச் செலவு வரவில்லை. 4,500 ரூபாய்க்கு வீடு பார்க்கும்போது தலைக்கு மேலே என்ன இருக்கிறது, காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் 500 ரூபாய் குறைகிறது என்றால் அதற்குக் காரணம் உண்டு.

தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு தருவார்களா?

தருவார்கள், ஆனால் நாலு வீடு ஏறி இறங்க வேண்டும். எனக்கு ஒன்பது வீடு ஆனது. இரண்டு வீட்டில் வாசலிலேயே 'ஃபேமிலிக்குத்தான்' என்றார்கள். ஒரு வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கேட் பூட்டப்படும் என்றார்கள். எங்கள் கடையில் ஆடித் தள்ளுபடி நேரத்தில் எட்டு மணிக்குத்தான் கல்லாவே எண்ண ஆரம்பிப்பார்கள்.

இப்போதைய ஆச்சி கேட்டது மூன்றே கேள்வி. 'எந்த ஊரு?' 'எங்கே வேலை?' 'யாரு வந்து போவாக?' அம்மாவும் தம்பியும் என்றேன். 'சரி, வெள்ளிக்கிழமை பால் காய்ச்சு' என்று முடித்துவிட்டார்கள். முதல் தடவை வீடு பார்க்கப் போகும்போது அம்மாவையோ சித்தியையோ கூட்டிக்கொண்டு போங்கள். சரியா தப்பா என்று பேச நேரமில்லை, காரியம் ஆகிறது. தனியாகப் போன ஏழு வீட்டில் கிடைக்காதது, அம்மாவோடு போன இரண்டில் ஒன்றில் கிடைத்தது.

அட்வான்ஸ் எவ்வளவு?

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. தமிழ்நாட்டின் 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிய வேண்டும் என்றும் சொல்கிறது. நடப்பில் ஐந்து மாதம், ஆறு மாதம் கேட்பார்கள். நான் 25,000 கொடுத்தேன். சட்டம் பேசி வீட்டை இழப்பதா, கொடுத்துவிட்டுக் குடியேறுவதா என்பது உங்கள் நெருக்கடியைப் பொறுத்தது. எதுவானாலும் வங்கி வழியாகக் கொடுங்கள். இதற்கு முந்தைய வீட்டில் ரொக்கமாகக் கொடுத்த 15,000இல், காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று 6,000 பிடித்துக்கொண்டார்கள். நான் வெளியேறி மூன்று மாதம் கழித்தும் அந்தச் சுவரில் நான் அடித்த ஆணி அப்படியே இருந்தது. எனக்குப் பிறகு அங்கே குடிவந்த பெண்தான் சொன்னாள்.

கரண்ட் பில்?

மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கும். வீட்டு இணைப்பில் முதல் 100 யூனிட் இலவசம். ஒரு மின்விசிறி, இரண்டு எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர் என்று இருக்கும் ஆளுக்கு இரண்டு மாதத்தில் 60 யூனிட் தாண்டாது. அதாவது தனி மீட்டர் இருந்தால் நீங்கள் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். ஆனால் போர்ஷன் வீட்டில் பெரிய மீட்டர் வீட்டுக்காரருடையது, நமக்கு உள்ளே ஒரு சப்மீட்டர். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று நான் கொடுத்துவந்தேன். அந்த 100 யூனிட் ஆச்சிக்குப் போகிறது. தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு வாடகை 200 கூடுதல் என்றாலும் கட்டுப்படி ஆகும்.

சமைப்பதா, மெஸ்ஸா?

மூன்று வேளையும் வெளியே என்றால் நாளுக்கு 200 ரூபாய்க்குக் கீழே வராது, மாதம் 6,000. நாக்கு செத்துப்போவது தனி. மூன்று வேளையும் சமைப்பேன் என்று சபதம் எடுப்பவர்களும் பத்து நாளில் படுத்துவிடுவார்கள். நான் காலையில் ஒரு தரம் சமைத்து மத்தியானத்துக்கும் கட்டிக்கொள்கிறேன். ராத்திரி தோசை, இல்லாவிட்டால் தெருமுனைக் கடையில் நாலு இட்லி.

செட்டிநாட்டுச் சாப்பாடு என்றால் கோழியும் காடையும் மிளகும் என்று வெளியூரில் நினைக்கிறார்கள். கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீட்டு ஹோட்டல்களில் ஓர் இலைச் சாப்பாட்டுக்குக் கேட்கும் காசுக்கு என் ஒரு வாரக் காய்கறி வந்துவிடும். ஆனால் இங்குள்ள வீடுகளின் அன்றாடச் சமையல் வேறு. அது சிக்கனத்துக்கென்றே பிறந்தது. நான் இங்கே வந்து கற்றதில் உருப்படியானது மண்டி.

அரிசியை ஒரு தரம் கழுவி அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இரண்டாம் தரம் அரிசியை நன்றாகத் தேய்த்துக் கழுவினால் பால் போல ஒரு கழுநீர் வரும். அதுதான் மண்டி. அதில் நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து வையுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம் தாளித்து, கைப்பிடி சின்ன வெங்காயம், ஏழெட்டுப் பல் பூண்டு, கீறின பச்சை மிளகாய் போட்டு வதக்கி, அப்புறம் வெண்டைக்காய். வெண்டைக்காயின் வழவழப்பு போகும் வரை வதக்க வேண்டும், இங்கே அவசரப்பட்டால் கெட்டது. பிறகு கழுநீரை ஊற்றி, உப்பு, பெருங்காயம். கொதித்துச் சுண்டிவரும்போது அரிசித் தண்ணீரே குழம்பைக் கெட்டியாக்கிவிடும். தேங்காய் இல்லை, அரைக்க வேண்டியதில்லை, மிக்ஸி கூட வேண்டாம். காலையில் வைத்தால் ராத்திரி வரை கெடாது, ராத்திரிதான் ருசியே. வெண்டைக்காய்க்குப் பதில் மொச்சை, மாங்காய், வத்தல் எதுவும் போடலாம். மாதக் கடைசியில் நான் வெறும் வெங்காயத்தையும் பூண்டையும் வைத்தே ஒப்பேற்றியிருக்கிறேன்.

கேஸ் இணைப்புக்கு முகவரிச் சான்று கேட்பார்கள். புதிதாக வந்தவர்கள் 5 கிலோ சின்னச் சிலிண்டரில் ஆரம்பியுங்கள். அடையாள அட்டை மட்டும் காட்டினால் போதும். என் முதல் வருஷம் அதில்தான் ஓடியது.

வண்டி தேவையா?

பெண்களுக்குச் சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் 2021இலிருந்து டிக்கெட்டுக்குக் காசு இல்லை. பஸ் போகும் வழியில் வீடும் வேலையும் இருந்தால் வண்டி வேண்டாம். ராத்திரி கடை மூடி வரும்போது பஸ் கிடைப்பதில்லை என்பதால்தான் நான் பழைய ஸ்கூட்டி ஒன்றை வாங்கினேன். அதுவும் ரொக்கத்துக்கு, மூன்றாவது வருஷம். ஆண்கள் ஒரு பழைய சைக்கிளைப் பாருங்கள். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக அரை மணி ஆகாது. எங்கள் கடைப் பையன்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

எல்லாம் சரி, எனக்கு மட்டும் ஏன் 20ஆம் தேதியே தீர்ந்துவிடுகிறது?

மொய். நோட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

போன வருஷம் எனக்கு 19 விசேஷம். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுவீடு, அறுபதாம் கல்யாணம். 14 வீட்டுக்கு 500, நெருங்கின ஐந்துக்கு 1,000. ஆக 12,000. இதில் போய்வந்த பஸ் காசும், அதே புடவையைக் கட்டக்கூடாது என்று தைத்த ரவிக்கையும் சேரவில்லை. ஒரு மாதச் சம்பளத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு பந்தியில் உட்கார்ந்து எழுந்த கணக்கு இது.

குடும்பஸ்தருக்கு மொய் ஒரு சுற்று. இன்று போட்டது நாளை அவர் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும். இந்தச் சீமையில் மொய் நோட்டைப் பத்திரமாக வைத்திருந்து, போட்டதற்குக் குறையாமல் திருப்பிச் செய்வார்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து என்றே தனியாக நடத்தி மொத்தமாக வசூல் செய்துகொள்வார்கள். தனி ஆளுக்கு விசேஷம் ஏது? நான் போட்டதெல்லாம் ஒருவழிப் பாதை. இதை ஒருநாள் ஆச்சியிடம் புலம்பினேன். 'பேசாம உன் ஸ்கூட்டிக்குக் காது குத்து' என்றார்கள்.

இதற்கு நான் கண்ட வழி, தொகையைக் குறைப்பதல்ல. 500ஐ 300 ஆக்கினால் ஊருக்கே தெரியும், அம்மாவின் காதுக்கும் போகும். மொய்யை மாதச் செலவிலிருந்து வெளியே எடுத்ததுதான் வழி. அடுத்த பதிலில் வருகிறது.

அது என்ன வருஷச் செலவுக் கணக்கு?

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஆச்சி. நகரத்தார் (செட்டியார்) வீடுகளில் 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாளில், அதே வீட்டுக்குள் அவனுக்கும் மருமகளுக்கும் தனி அடுப்பு வைத்துக் கொடுத்துவிடுவார்கள். வளவு ஒன்று, கூரை ஒன்று, அடுப்பு மட்டும் வேறு. ஒரு வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, செலவுக்கு இவ்வளவு பணம் என்று அளந்து கொடுப்பார்கள். அதற்குள் அந்தப் புதுப் பெண் குடித்தனம் நடத்திக் காட்ட வேண்டும். பக்கத்து அடுப்பில் மாமியார் சமைத்துக்கொண்டிருப்பார். கடன் கேட்டால் கொடுப்பார்தான், ஆனால் கேட்டது தெரிந்துவிடும்.

ஆச்சி இப்படி வேறு வைக்கப்பட்டபோது அவர்களுக்குப் பத்தொன்பது வயது. அந்த முதல் வருஷ நோட்டை இன்னும் வைத்திருக்கிறார்கள். தலைப்பில் சிவமயம். இடது பக்கம் வரவு, ஒரே ஒரு வரி. வலது பக்கம் பற்று, பக்கம் பக்கமாக. அதில் ஆடியில் கூழுக்கு, கார்த்திகையில் விளக்கெண்ணெய்க்கு, தையில் பொங்கல் பானைக்கு என்று எழுதிவிட்டு, தொகையை முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறார்கள். கடைக் கணக்கெழுதும் டேலி மென்பொருளில் நான் நாளெல்லாம் பண்ணுகிற வேலைதான். என் சொந்தப் பணத்துக்கு ஒருநாளும் செய்ததில்லை.

'நீ மாசக் கணக்குப் போடுறே. தீபாவளி மாசாமாசமா வருது?' என்றார்கள்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து, வருஷத்தில் வந்துபோகும் செலவுகளை மட்டும் எழுதினேன். மொய் 12,000. தீபாவளித் துணியும் அம்மாவுக்குப் புடவையும் 5,000. ஸ்கூட்டி இன்சூரன்ஸ் வகையில் 1,500. குலதெய்வம் கோயில் போய்வர 2,000. பல், கண், காய்ச்சல் என்று 2,000. உடைவது, தொலைவது 1,500. மொத்தம் 24,000. பன்னிரண்டால் வகுத்தால் 2,000. சம்பளம் ஏறிய அன்றே அதை இன்னொரு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். அந்தக் கணக்கின் கார்டு என் பர்ஸில் இல்லை, ஆச்சி வீட்டு அலமாரியில் இருக்கிறது. போனில் அந்த வங்கியின் ஆப்பும் இல்லை. பத்திரிகை வந்தால் போய்க் கேட்டு வாங்க வேண்டும், எதற்கு என்று ஆச்சி கேட்பார்கள். பாதி ஆசை அங்கேயே அடங்கிவிடும்.

உடம்புக்கு முடியாமல் போனால்?

இஎஸ்ஐ இருந்தால் வைத்தியம் இலவசம். பெரிதாக ஏதாவது என்றால் மதுரை தத்தனேரி இஎஸ்ஐ மருத்துவமனை. வேலைக்குப் போக முடியாமல் படுத்தால், டாக்டர் சான்றோடு, வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் தருவார்கள். இது பாதிப் பேருக்குத் தெரியாது. போன வருஷம் டெங்கு வந்து பதினெட்டு நாள் படுத்த எங்கள் பில்லிங் பையன், நான் சொன்ன பிறகுதான் விண்ணப்பம் போட்டான்.

சிக்கல் எங்கே என்றால், இஎஸ்ஐயின் சம்பள உச்சவரம்பு 21,000. சம்பளம் 21,500 ஆனால், ஓடிக்கொண்டிருக்கும் ஆறு மாதக் காலம் முடிந்ததும் வெளியே வந்துவிடுவீர்கள். 500 ரூபாய் கூடி, இன்னும் சில மாதத்தில் மருத்துவக் காப்பு போய்விடும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் குடும்ப வருமானம் வருஷம் 1,20,000க்குள் இருப்பவர்களுக்குத்தான். எனவே அந்த எல்லையைத் தாண்டும்போது, வந்த உயர்வில் முதல் பங்கைத் தனியார் மருத்துவக் காப்பீட்டுக்கு ஒதுக்குங்கள். சம்பள உயர்வு கேட்கும்போதும் 1,000 கேட்காதீர்கள், 3,000 கேளுங்கள். கிடைக்குமா என்பது உங்கள் முதலாளியின் ராசியைப் பொறுத்தது.

சென்னையில் 28,000 தருகிறார்கள். போகட்டுமா?

கைக்கு 26,000 வரும் என்று வையுங்கள். தனி அறை 9,500, கரண்டும் பராமரிப்பும் 1,200, சாப்பாடு 7,000, பஸ் ரயில் 1,200, போன் 350, சில்லறை 1,000, மாதம் ஒரு தரம் ஊருக்கு 1,500. மொத்தம் 21,750. மீதி 4,250. இங்கே எனக்கு 6,210 நின்றது. பங்கு அறையில் இருந்தால் மீதி கூடும். அதையும் செய்து பார்த்தேன். மூன்று பேர் அறை, ஒரு கட்டில், ஓர் இரும்பு அலமாரி. குளியலறைக்குக் காலை ஐந்தரைக்கே வரிசை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அழ வேண்டும் போலிருந்தால்கூட மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும்.

ஆனாலும், வயது 22, 23 என்றால் போங்கள் என்றுதான் சொல்வேன். அங்கே 28,000 மூன்று வருஷத்தில் 45,000 ஆக வழி இருக்கிறது. இங்கே 20,000 மூன்று வருஷத்தில் 23,000 ஆனால் விசேஷம். நான் திரும்பி வந்தது அப்பா இறந்த பிறகு, அம்மாவுக்கு இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று. அந்தக் காரணம் உங்களுக்கு இல்லையென்றால், பல்லவன் ரயிலில் காலையில் ஏறினால் மத்தியானம் எழும்பூர்.

பொழுதுபோகுமா?

போகும். டவுன் பஸ்ஸில் குன்றக்குடி மலை. பங்குனியில் கம்பன் விழா, கேட்கக் காசு வேண்டாம். கம்பன் மணிமண்டபத்தில் தமிழ்த்தாய்க்கு ஒரு கோயில் இருக்கிறது, கூட்டமில்லாத சாயங்காலம் போய்ப் பாருங்கள். மாசி, பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா வந்தால் ஊரே தெருவில்தான். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளை வேடிக்கை பார்க்கலாம். பார்ப்பதோடு நிறுத்துங்கள். நான் ஒரு பித்தளைக் கூஜா வாங்கிவிட்டு அந்த மாதம் மண்டியாகவே சாப்பிட்டேன்.

ஃப்ரிட்ஜ் வாங்கலாமா?

முதல் வருஷம் வேண்டாம். நான் நான்காவது வருஷம், பழையதாக ஒன்றை 5,500க்கு வாங்கினேன். சின்ன ஃப்ரிட்ஜ் நாளுக்கு ஒரு யூனிட் அளவு இழுக்கும், இரண்டு மாதத்தில் 60. ஏற்கெனவே இருந்த 60ஐயும் சேர்த்தால் பில் இரட்டிப்பு. மேலே கணக்கில் 250 என்று எழுதியது 480 ஆகிவிடும். என் செலவுக்கென்று நின்ற 210ஐயும் தாண்டி 20 ரூபாய் துண்டு விழும். சில்லறைச் செலவில்தான் சரிக்கட்ட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் மாவு மூன்று நாள் தாங்குகிறது, அதில் கொஞ்சம் ஈடாகிறது.

ஃப்ரிட்ஜ் வந்த மறுநாள் காலையில் ஆச்சி வாழையிலையில் கட்டின பூப்பொட்டலத்தோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார்கள். 'கீழ்த்தட்டு எனக்கு' என்றார்கள். அந்த மாதத்திலிருந்து யூனிட் 7 ரூபாய். அதனால் 480 கூட இல்லை, 420தான்.